காந்தப்புலம் உள்ள நட்சத்திரத்துல ஒளி சிதறினா என்ன ஆகும்? போலரைசேஷன் மாடலிங் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

இதுல பெரும்பாலும் சூரியனைப் பத்தித்தான் பேசப்போறேன். மத்த நட்சத்திரங்கள் நமக்கு ஒரு புள்ளியாத்தான் தெரியும், சூரியன்ல மட்டும்தான் நடு எது விளிம்பு எதுன்னு பிரிச்சு அளக்க முடியும், அதனால இந்தக் கணக்கெல்லாம் வளர்ந்ததே அங்கதான். ஸ்பெக்ட்ரம்னா என்ன, ஆட்டத்துல (atom, அதாவது அணுவுல) எனர்ஜி லெவல்னா என்னன்னு ஓரளவு தெரிஞ்சவங்களுக்காக எழுதறேன்.

ஒளி சிதறினா ஏன் போலரைஸ் ஆகுது? சூரியன்ல அது எப்படி வருது?

ஒளிங்கிறது அது போற திசைக்கு குறுக்கா ஆடுற மின்புலம். அது ஒரு எலக்ட்ரானை ஆட்டுது, அந்த எலக்ட்ரான் திரும்ப ஒளி விடுது, அதை 90 டிகிரி பக்கவாட்டுல நின்னு பாத்தா அந்த அதிர்வுல ஒரு திசை மட்டும்தான் நமக்கு வந்து சேரும். இப்படி ஒரே திசையில ஆடுற ஒளிதான் போலரைஸ்டு ஒளி. நீல வானத்தை சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி ஒரு போலராய்டு வழியா பாத்து அதைத் திருப்பினா வெளிச்சம் கூடிக் குறையுறது இதனாலதான்.

சூரியனோட வளிமண்டலத்துல விஷயம் கொஞ்சம் வேற. அங்க ஒரு ஆட்டம் மேல எல்லா பக்கத்துல இருந்தும் ஒளி விழுது. எல்லா பக்கமும் ஒரே அளவு விழுந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சு போலரைசேஷன் ஜீரோ ஆயிடும். ஆனா கீழ இருந்து வர்ற ஒளி அதிகம், அதுலயும் செங்குத்தா வர்றது சாய்வா வர்றதைவிட அதிகம். இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பேர் அனிசோட்ரோபி. போலரைசேஷனுக்கு மூலதனமே இதுதான், இது இல்லைன்னா ஒண்ணுமே இல்ல. வட்டமா தெரியற சூரியத் தட்டோட நடுவுல பாத்தா நம்ம பார்வையைச் சுத்தி எல்லாம் சமச்சீரா இருக்கு, அதனால சிக்னல் ஜீரோ (காந்தப்புலம் இல்லாத, அடுக்கடுக்கான வளிமண்டலம்னு வச்சுக்கிட்டா). விளிம்புக்குப் போகப் போக கூடும்.

இதை எண்ணுல எப்படி எழுதறது?

1852ல ஸ்டோக்ஸ் குடுத்த நாலு எண்கள்: ஐ, க்யூ, யூ, வி. ஐ மொத்த வெளிச்சம், க்யூவும் யூவும் லீனியர் போலரைசேஷன் (மின்புலம் நேர்கோட்டுல ஆடுறது), வி சர்குலர் (வட்டமா சுழல்றது). சாதா கணக்குல வெளிச்சத்துக்கு ஒரு சமன்பாடு போதும், இங்க நாலு சமன்பாடு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு வரும்.

இதுல சந்திரசேகர் பங்கு என்ன?

ரொம்பப் பெருசு. சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச அதே சந்திரசேகர்தான். வெள்ளைக் குள்ளன் எடை வரம்பைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா 1940கள்ல அமெரிக்காவுல யெர்க்ஸ் வானாய்வகத்துல இருந்தப்போ போலரைசேஷனோட சேர்ந்த ஒளிக்கடத்தல் சமன்பாட்டை முழுசா எழுதி தீர்வும் கண்டுபிடிச்சார். எலக்ட்ரான்கள் மட்டுமே ஒளியைச் சிதறடிக்கிற ஒரு வளிமண்டலத்தோட விளிம்புல 11.7 சதவீதம் போலரைசேஷன் வரும்னு அவர் கணக்கு சொல்லுச்சு. இன்னிக்கும் புதுசா கோட் எழுதறவங்க முதல்ல சரிபாக்குற எண் இதுதான்.

இதோட தொடர்ச்சி எனக்கு ரொம்பப் பிடிச்ச வரலாறு. அந்த எஃபெக்டை சூடான நட்சத்திரங்கள் இருக்குற இரட்டை நட்சத்திர அமைப்புல, ஒண்ணு இன்னொண்ணை மறைக்கும்போது பாக்கலாம்னு ஹில்ட்னரும் ஹாலும் தேடப் போனாங்க. போலரைசேஷன் கிடைச்சுது, ஆனா அது கிரகணத்தோட சம்பந்தமே இல்லாம இருந்துச்சு. 1949ல அவங்க அறிவிச்சது நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்குற தூசியால வர்ற போலரைசேஷன், அதாவது ஒரு புது துறையே அங்க பிறந்துடுச்சு. சந்திரசேகர் சொன்ன வகை போலரைசேஷன் படுவேகமா சுத்துற ரெகுலஸ் நட்சத்திரத்துல 2017ல வெளியான ஆய்வுலதான் தெளிவா காட்டப்பட்டுச்சு. வேகமா சுத்தறதால அது தட்டையாகி சமச்சீர் உடையுது, அதான் முழு நட்சத்திரத்தையும் ஒரே புள்ளியா பாத்தாலும் சிக்னல் மிஞ்சுது.

"ரெண்டாவது சூரிய ஸ்பெக்ட்ரம்"னு சொல்றாங்களே, அது என்ன?

சூரிய விளிம்புக்குப் பக்கத்துல க்யூவை ஐயால வகுத்து ஒவ்வொரு அலைநீளத்துக்கும் வரைஞ்சா, சாதா ஸ்பெக்ட்ரத்தோட ஒத்தே போகாத இன்னொரு ஸ்பெக்ட்ரம் வரும். சாதா ஸ்பெக்ட்ரத்துல பெரிய கோடா இருக்குறது இதுல காணாம போகும், கண்ணுக்கே தெரியாத மூலக்கூறு கோடெல்லாம் இதுல நிமிர்ந்து நிக்கும். ஸ்டென்ஃப்ளோவும் கெல்லரும் 1996, 97ல இதை விரிவா காட்டினாங்க, அப்புறம் கான்டார்ஃபர் இதை பெரிய அட்லஸாவே போட்டார். சிம்போல்னு ஜூரிச்ல செஞ்ச போலரிமீட்டர் வந்தப்புறம்தான் இதெல்லாம் சாத்தியமாச்சு.

ஏன் அவ்வளவு நாள் ஆச்சுன்னா சிக்னல் அவ்வளவு சின்னது. 4227 ஆங்ஸ்ட்ராம்ல இருக்குற கால்சியம் கோடு சில சதவீதம் வரைக்கும் போகும், 4607ல இருக்குற ஸ்ட்ரான்ஷியம் கோடு 1 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, மீதி பெரும்பாலான கோடுகள் 0.1 சதவீதத்துக்கும் கீழ. பத்தாயிரத்துல ஒரு பங்கு துல்லியம் வேணும்னா ஃபோட்டான் நாய்ஸ் கணக்குப்படி குறைஞ்சது 10 கோடி ஃபோட்டான் பிடிக்கணும், அதுவும் ஒவ்வொரு பிக்சல்லயும்.

காந்தப்புலத்தை அளக்க சீமன் எஃபெக்ட் இருக்கே, அது போதாதா?

சீமன் எஃபெக்ட்னா காந்தப்புலத்துல ஒரு ஸ்பெக்ட்ரம் கோடு பல கோடா பிளவுபடறது. 1908ல ஹேல் சூரியப் புள்ளிகள்ல காந்தப்புலம் இருக்குன்னு கண்டுபிடிச்சது சீமன் எஃபெக்ட்லதான், இன்னிக்கும் அதுதான் முதல் கருவி. ஆனா ரெண்டு இடத்துல அது கைவிட்டுடும்.

முதல்ல, புலம் பலவீனமா இருந்தா. 5000 ஆங்ஸ்ட்ராம்ல லாண்டே எண் (காந்தப்புலத்தால கோடு எவ்வளவு பாதிக்கப்படும்னு சொல்றது) 1 உள்ள ஒரு கோட்டை எடுத்துக்கிட்டா 1000 காஸ் (காந்தப்புலத்தோட அலகு) புலத்துக்கே கோடு 0.012 ஆங்ஸ்ட்ராம்தான் நகரும், ஆட்டங்களோட வெப்ப ஓட்டத்தால கோடு அதைவிட ரெண்டு மூணு மடங்கு அகலமா இருக்கும். 20 காஸ்னா பிளவே தெரியாது. சர்குலர் சிக்னல் கொஞ்சம் மிஞ்சும், லீனியர் சிக்னல் புலத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையறதால சுத்தமா காணாம போயிடும்.

ரெண்டாவது இன்னும் மோசம். ஒரே பிக்சலுக்குள்ள நம்மளை நோக்கி வர்ற புலமும் விலகிப் போற புலமும் கலந்து கிடந்தா ப்ளஸ்ஸும் மைனஸும் அடிச்சு சர்குலர் சிக்னல் ஜீரோ. அமைதியான சூரியப் பரப்பு முழுக்க இப்படி சிக்கலான புலம்தான், சீமன் மட்டும் வச்சு பாத்தா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும்.

அப்போ ஹான்லே எஃபெக்ட் என்ன பண்ணுது?

வில்ஹெல்ம் ஹான்லே 1924ல கோட்டிங்கன்ல பாதரச ஆவியை வச்சு கண்டுபிடிச்சது. ஆவி மேல போலரைஸ்டு ஒளி அடிச்சு, சிதறி வர்ற ஒளியைப் பாத்தாங்க. ஒரு சின்ன காந்தப்புலம் குடுத்தாலே போலரைசேஷன் குறையுது, அதோட திசையும் திரும்புது.

ஊஞ்சல் ஒரே திசையில ஆடி மெல்ல மெல்ல நிக்கப்போகுதுன்னு வச்சுக்கோங்க, அது ஆடும்போதே மேல விட்டத்தை யாராவது திருப்பினா ஊஞ்சல் ஆடுற திசையும் திரும்பிக்கிட்டே போகும். ஊஞ்சல் நிக்கிறதுக்குள்ள விட்டம் கொஞ்சம்தான் திரும்பியிருந்தா பழைய திசையே பெரும்பாலும் தெரியும், நிறைய தடவை சுத்தியிருந்தா எந்த திசையில ஆரம்பிச்சதுன்னே சொல்ல முடியாது. அணுவுல பாத்தா, ஊஞ்சல் நிக்கிற நேரம்ங்கிறது மேல்மட்டத்தோட ஆயுள், விட்டம் திரும்புற வேகம்ங்கிறது லார்மர் சுழற்சி, ஒரு காஸுக்கு நொடிக்கு 14 லட்சம் சுத்து (லாண்டே எண் 1 ஆனா).

இந்த ரெண்டும் மோதுற இடம்தான் ஹான்லே புலம். கால்சியம் 4227 கோட்டோட மேல்மட்டம் 4.6 நானோசெகண்ட்தான் வாழும், அதுக்கு ஹான்லே புலம் சுமார் 25 காஸ். ஹைட்ரஜன் லைமன் ஆல்ஃபாவுக்கு 53 காஸ், ஹீலியம் 10830க்கு 1 காஸுக்கும் கீழ. இந்த அளவுல அஞ்சுல ஒரு பங்குல ஆரம்பிச்சு அஞ்சு மடங்கு வரைக்கும்தான் கோடு புலத்தோட பலத்தைச் சொல்லும். அதுக்கு மேல சாச்சுரேஷன் ஆயிடும், திசையை மட்டும் சொல்லும்.

முக்கியமா கவனிக்கவேண்டியது, புலம் நம்மளை நோக்கி இருந்தாலும் விலகிப் போனாலும் ஹான்லே போலரைசேஷனைக் குறைக்கத்தான் செய்யும். அதனால கலந்து கிடக்குற புலங்கள் ஒண்ணை ஒண்ணு அடிச்சு மறைஞ்சுடறது இல்ல.

மாடல்ல உண்மையில என்ன சமன்பாடு தீர்க்கறாங்க?

ரெண்டு பக்கம் இருக்கு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கும்.

ஒரு பக்கம் ஒளி: ஸ்டோக்ஸ் நாலு எண்களும் ஒரு பாதையில போகும்போது எவ்வளவு உறிஞ்சப்படுது, எவ்வளவு புதுசா சேருது, எவ்வளவு ஒண்ணு இன்னொண்ணா மாறுது. இது நாலுக்கு நாலு மேட்ரிக்ஸ்.

இன்னொரு பக்கம் ஆட்டம்: சாதாரணமா ஒவ்வொரு லெவல்லயும் எத்தனை ஆட்டம்னு எண்ணினா போதும். இங்க போதாது. ஒரே லெவலுக்குள்ள இருக்குற காந்த உபநிலைகள்ல எது எவ்வளவு நிரம்பியிருக்கு, அதுக்கும் மேல அந்த உபநிலைகளுக்கு நடுவுல இருக்குற குவாண்டம் கோஹிரன்ஸ் (ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற தொடர்பு) எவ்வளவுன்னு ரெண்டையும் வச்சுக்கணும், அதுக்குத்தான் டென்சிட்டி மேட்ரிக்ஸ். ஹான்லே எஃபெக்ட்ங்கிறதே அந்த கோஹிரன்ஸை காந்தப்புலம் உடைக்கிறதுதான். இத்தாலியில ஃப்ளோரன்ஸ்ல இருந்த லாண்டி டெக்லினோசென்டி 1980கள்ல இதை ஒழுங்கா கட்டி எழுப்பினார், இந்தத் துறையில இருக்குற எல்லாரும் அந்த அஸ்திவாரத்துல நின்னுதான் வேலை பாக்கறாங்க.

ஒளி தெரியணும்னா ஆட்டம் தெரியணும், ஆட்டம் தெரியணும்னா அது மேல விழுற ஒளி தெரியணும், அந்த ஒளி எங்கயோ தூரத்துல இருக்குற இன்னொரு ஆட்டத்துல இருந்து வருது. அதனால சுத்திச் சுத்தி இட்டரேஷன் பண்ணித்தான் தீர்க்கணும்.

எளிமையான நிலைமையில, ரெண்டே லெவல், பலவீனமான புலம், கீழ்மட்டம் போலரைஸ் ஆகலைன்னு எடுத்துக்கிட்டா, திசையைச் சார்ந்த பகுதியை கோள டென்சரா பிரிச்சு மூலச் சார்பை (ஒரு இடத்துல ஒளி எவ்வளவு புதுசா சேருதுன்னு சொல்றது) ஆறே கூறுகளா சுருக்கிடலாம்: ஒண்ணு சராசரி வெளிச்சத்துக்கு, அஞ்சு அனிசோட்ரோபிக்கு. புலமே இல்ல, வளிமண்டலமும் அடுக்கடுக்கா இருக்குன்னா ரெண்டு போதும். இந்தச் சுருக்கம் இல்லாம கம்ப்யூட்டர்ல எதையும் நகர்த்த முடியாது.

எல்லா கோடும் ஒரே மாதிரி போலரைஸ் ஆகுமா?

இல்ல. கீழ்மட்டத்தோட கோண உந்தம் 0, மேல்மட்டத்தோடது 1னா முழு திறன், கால்சியம் 4227ம் ஸ்ட்ரான்ஷியம் 4607ம் இந்த வகை. அரைல இருந்து ஒன்றரைக்குப் போனா பாதி திறன். அரைல இருந்து அரைக்குன்னா ஜீரோ, சோடியத்தோட மஞ்சள் கோடுகள்ல ஒண்ணான டி1 இந்த வகைதான்.

ஆனா டி1லயும் சிக்னல் வந்துச்சுன்னு சொல்றாங்களே?

வந்துச்சு, இந்தத் துறையையே கால் நூற்றாண்டு கிட்ட உலுக்கிப் போட்டதும் அதுதான். ஸ்டென்ஃப்ளோ கெல்லர் அளவீட்டுல ஜீரோவா இருக்கவேண்டிய டி1ல சின்னதா ஆனா தெளிவா சிக்னல் தெரிஞ்சுது. 1998ல லாண்டி டெக்லினோசென்டி ஒரு விளக்கம் குடுத்தார்: சோடியம் நியூக்ளியஸுக்கு ஸ்பின் ஒன்றரை, அதனால லெவல்கள் ஹைப்பர்ஃபைனா (ரொம்ப நெருக்கமான துணை லெவல்களா) பிரியும், அடிமட்டமே போலரைஸ் ஆகியிருந்தா டி1ல சிக்னல் வரும். கணக்கு பொருந்துச்சு. ஆனா அடிமட்டம் ரொம்ப நேரம் வாழறதால அதோட போலரைசேஷன் சின்ன புலத்துக்கே அழிஞ்சுடும், அப்படின்னா சோடியம் கோடு உருவாகுற கீழ் குரோமோஸ்பியர்ல (சூரியப் பரப்புக்கு மேல இருக்குற அடுக்கு) 0.01 காஸுக்கு மேல புலமே இருக்கக்கூடாது. மத்த எல்லா அளவீடும் அங்க காஸ் கணக்குல புலம் இருக்குன்னு சொல்லுது. நல்ல கணக்கு, நல்ல அளவீடு, ரெண்டும் சேரவே மாட்டேங்குது.

2013ல பெல்லுஸ்ஸியும் ட்ருஹியோ ப்யூனோவும் வேற வழி காட்டினாங்க. ஹைப்பர்ஃபைன் துணைக்கோடுகள் ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் வேற அலைநீளத்துல இருக்கு, அந்த சின்ன இடைவெளியிலயும் விழுற ஒளியோட அனிசோட்ரோபி மாறுது, அதை ஃப்ரீக்வென்சி வாரியா ஒழுங்கா கணக்குல எடுத்தா அடிமட்டம் போலரைஸ் ஆகாமலே சிக்னல் வரும். 2021ல அல்சினா பாயெஸ்டரோட சேர்ந்து காந்தப்புலத்தையும் உள்ள வச்சு, காஸ் அளவு புலம் இருந்தாலும் டி1 சிக்னல் தாங்கும்னு காட்டினாங்க. சூரியன்ல எதுவும் மாறலை. மாடல்ல "இது சின்ன விஷயம், சராசரி எடுத்துக்கலாம்"னு விட்ட ஒண்ணுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணியிருக்கு.

பிஆர்டி, பிஆர்டின்னு சொல்றாங்களே, அது எதுக்கு?

பார்ஷியல் ரீடிஸ்ட்ரிப்யூஷன்ங்கிறதோட சுருக்கம், மேல சொன்ன ஃப்ரீக்வென்சி விஷயம்தான். ஆட்டம் ஒரு ஃபோட்டானை உறிஞ்சி இன்னொண்ணை விடும்போது, வந்த ஃப்ரீக்வென்சியை ஞாபகம் வச்சிருக்கா இல்லையா? இடைல வேற ஆட்டம் மோதி குழப்பிட்டா மறந்துடும், மோதலைன்னா ஆட்டத்தோட பார்வையில அதே ஃப்ரீக்வென்சிதான் வெளிய வரும். 1962ல ஹம்மர் இதை வகை பிரிச்சார், ரெண்டும் எந்த விகிதத்துல கலக்குதுங்கிறது அந்த உயரத்துல இருக்குற அடர்த்தியைப் பொறுத்தது. காந்தப்புலத்தையும் போலரைசேஷனையும் சேர்த்து இதை பொம்மியே 1997ல எழுதினாங்க. கால்சியம் 4227 மாதிரி பலமான கோடுகள்ல நடுவுல ஒரு முகடு, ரெண்டு இறக்கையிலயும் (கோட்டோட ரெண்டு ஓரம்) பெரிய முகடுன்னு மூணு தெரியும், அந்த இறக்கை முகடுகள் பிஆர்டி இல்லாம வரவே வராது.

ஹான்லே எஃபெக்ட் கோட்டோட நடுவுல மட்டும்தான் வேலை செய்யும், இறக்கையில கிடையாதுன்னு ரொம்ப நாளா பாடம். அதனால 4227 இறக்கையில யூ சிக்னல் தெரிஞ்சப்போ எல்லாருக்கும் புதிராப் போச்சு. ஒளி போற வழியில க்யூவை யூவா திருப்புற மேக்னட்டோ-ஆப்டிகல் எஃபெக்ட்தான் காரணம்னு பின்னாடி வந்த கணக்குகள் காட்டுச்சு. நாலுக்கு நாலு மேட்ரிக்ஸ்ல இருக்குற ஒரு உறுப்பு அது, வசதிக்காக ஜீரோன்னு போட்டுட்டா இறக்கையில காந்தப்புலம் இருக்குற செய்தியே போயிடும்.

கம்ப்யூட்டருக்கு எவ்வளவு வேலை?

ஒரு உதாரணம். 100 ஃப்ரீக்வென்சி, 100 திசைன்னு எடுத்தா 10,000 சேர்க்கை. உள்ள வர்றதும் வெளிய போறதும் சேர்த்தா 10 கோடி ஜோடி, ஒவ்வொண்ணுக்கும் 16 உறுப்பு, ஆக 160 கோடி எண், அதுவும் வளிமண்டலத்துல ஒரே ஒரு ஆழத்துக்கு. அதனால திசையை சராசரி எடுத்து சுருக்குற தோராயம் ரொம்ப நாளா வழக்கத்துல இருக்கு, எங்க அது சரி எங்க தப்புன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது, குறிப்பா யூ சிக்னல்ல அது காலை வாரும்.

தீர்க்குற முறையில பெங்களூர்ல இருக்குற இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட பங்கு பெருசு. நாகேந்திரா, பிரான்ஸ்ல நீஸ்ல இருக்குற ஃப்ரிஷ், ஃபாரோபெர்ட் இவங்க 1990கள்ல போலரைஸ்டு லாம்டா இட்டரேஷனை (மேல சொன்ன சுத்திச் சுத்தித் தீர்க்குற முறை) வேகப்படுத்தினாங்க, அப்புறம் அனுஷா, சம்பூர்ணா எல்லாம் சேர்ந்து கிரைலோவ் வகை முறைகளை (பெரிய சமன்பாட்டுத் தொகுப்பை வேகமா தீர்க்குற கணித வழிகள்) இதுக்குள்ள கொண்டு வந்தாங்க.

அளந்ததும் நேரா காந்தப்புலம் கிடைச்சுடுமா?

கிடைக்காது, நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது இதைத்தான். சீமன்ல சிக்னல் இருந்தா புலம் இருக்கு, சிக்னலே சாட்சி. ஹான்லேல சிக்னல் *குறைஞ்சிருக்குறதுதான்* சாட்சி. எதைவிட குறைஞ்சிருக்கு? புலமே இல்லாத சூரியன்ல எவ்வளவு இருந்திருக்குமோ அதைவிட. அப்படி ஒரு சூரியனை யாரும் பாத்ததில்ல, பாக்கவும் முடியாது, அந்த எண் மாடல்ல இருந்துதான் வரணும். மாடல்ல அனிசோட்ரோபி 10 சதவீதம் தப்பா இருந்தா அந்தத் தப்பு அப்படியே காந்தப்புலம்னு வேஷம் போட்டுக்கிட்டு வந்து நிக்கும்.

2004ல ட்ருஹியோ ப்யூனோ, ஷ்சுகினா, அசென்சியோ ராமோஸ் மூணு பேரும் சூரியப் பரப்புல கொதிச்சு ஏறி இறங்குற வாயுவை முப்பரிமாணமா சிமுலேட் பண்ணின மாடலை எடுத்து, அதுல ஸ்ட்ரான்ஷியம் 4607 கோட்டை புலம் இல்லாம கணக்கு பண்ணினாங்க. வந்த போலரைசேஷன் அளந்ததைவிட தெளிவா அதிகம். இடைவெளியை நிரப்ப எங்க பாத்தாலும் ஒரே பலம்னு வச்சா சுமார் 60 காஸ் வேணும், நிஜத்துக்குப் பக்கமா பல பலங்கள் கலந்திருக்குன்னு வச்சா சராசரி சுமார் 130 காஸ். பாருங்க, அளவீடு அதேதான், புலம் எப்படி பரவியிருக்குன்னு நாம வைக்கிற அனுமானத்துலயே விடை ரெண்டு மடங்கு மாறுது.

இதை ஓரளவு தப்பிக்க ஒரு வழி இருக்கு. ஒரே உயரத்துல உருவாகுற, ஆனா ஹான்லே புலம் வேற வேறயா இருக்குற ரெண்டு கோட்டை எடுத்து விகிதம் பாக்கறது. மாடல் தப்பு ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும், விகிதத்துல பெரும்பகுதி கழிஞ்சுடும். கார்பன் ரெண்டு சேர்ந்த மூலக்கூறோட கோடுகள் இதுக்கு நல்லா உதவும். அதுல வந்த விடை 10, 15 காஸ் கிட்ட. ஸ்ட்ரான்ஷியத்தோட முரண்படுதேன்னு தோணும், ஆனா அந்த மூலக்கூறு சிக்னல் பெரும்பாலும் மேல ஏறி வர்ற சூடான வாயு இருக்குற இடத்துல இருந்து வருது, பலமான புலம் இறங்குற ஓரங்கள்ல ஒதுங்கியிருக்குன்னு எடுத்துக்கிட்டா ரெண்டும் சேர்ந்துடும்.

விண்வெளியில இருந்து யாராவது அளந்திருக்காங்களா?

கிளாஸ்ப்னு ஒரு ராக்கெட் டெலஸ்கோப், 2015ல நியூ மெக்சிகோவுல இருந்து ஏவினாங்க. அஞ்சு நிமிஷம் கிட்டத்தான் பாக்க முடிஞ்சுது, அதுக்குள்ள லைமன் ஆல்ஃபா போலரைசேஷனை முதல் தடவையா அளந்துட்டாங்க. விளிம்புக்குப் போகப் போக கோட்டோட நடுவுல வர்ற சிக்னல் கூடும்னு எதிர்பாத்தாங்க, கூடலை. மேல் வளிமண்டலத்தோட எல்லை அடுக்கு மாதிரி வழுவழுன்னு இல்லாம ரொம்ப மேடு பள்ளமா இருக்குங்கிறதுதான் அதுக்கு விளக்கம். 2019ல கிளாஸ்ப் 2 மெக்னீசியம் கோடுகளை அளந்துச்சு. தரையில ஹவாய்ல மாவி தீவுல இருக்குற 4 மீட்டர் இனோயே டெலஸ்கோப்புக்கு இந்த மாதிரி பலவீனமான சிக்னலைப் பிரிச்சுப் பாக்குறது ஒரு முக்கிய வேலை.

நியூட்ரான் நட்சத்திரத்துலயும் இதே கணக்கா?

இல்ல, அங்க புலம் லட்சம் கோடி காஸ் கணக்குல, மேக்னட்டார்ங்கிற இன்னும் பலமான புலம் உள்ள நியூட்ரான் நட்சத்திர வகையில அதுக்கும் மேல. ஹான்லேக்கெல்லாம் வேலையே இல்ல. எலக்ட்ரான் புலத்துக்குக் குறுக்கா நகரவே கஷ்டப்படும், அதனால ஒளி ரெண்டு வகையா பிரியும், அதுல ஒண்ணு ரொம்பக் கம்மியா சிதறி ஆழத்துல இருந்து நேரா வெளிய வந்துடும். 2021 டிசம்பர்ல ஏவின ஐக்ஸ்பி சாட்டிலைட் 4யூ 0142+61ங்கிற மேக்னட்டார்ல எக்ஸ்ரே போலரைசேஷனோட திசை கம்மி எனர்ஜில ஒரு மாதிரியும் அதிக எனர்ஜில அதுக்கு 90 டிகிரி திரும்பியும் இருக்குன்னு காட்டுச்சு, ரெண்டு வகை ஒளி இருக்குங்கிறதுக்கு நல்ல சாட்சி. இதுக்கு தனியாவே எழுதணும்.

நானே ஒரு கோட் எழுதிப் பாக்கணும், எங்க ஆரம்பிக்கறது?

போலரைசேஷனை மறந்துட்டு ரெண்டு லெவல் ஆட்டம், ஒரே வெப்பநிலை, ஒரு பரிமாணம்னு ஆரம்பிங்க. மோதலால ஃபோட்டான் அழியற வாய்ப்புக்கு எப்சிலான்னு பேர், மேற்பரப்புல மூலச் சார்பு பிளாங்க் மதிப்பு பெருக்கல் எப்சிலானோட வர்க்கமூலம்னு வரணும். வரலைன்னா மேல போகாதீங்க, ஆழத்தை எவ்வளவு நெருக்கமா வெட்டியிருக்கீங்கன்னு முதல்ல பாருங்க, பெரும்பாலும் அங்கதான் கோளாறு. அடுத்து ரேலே மேட்ரிக்ஸை (சிதறல் போலரைசேஷனை எப்படி மாத்துதுன்னு சொல்றது) சேர்த்து, உறிஞ்சலே இல்லாத சிதறலுக்கு விளிம்புல 11.7 சதவீதம் வருதான்னு பாருங்க. அப்புறம்தான் காந்தப்புலம்: எல்லா திசையிலயும் சமமா கலந்து கிடக்குற புலத்தைப் போட்டு பலத்தை கூட்டிக்கிட்டே போங்க, ஹான்லே புலத்தை நல்லா தாண்டினதும் போலரைசேஷன் குறைஞ்சு குறைஞ்சு புலம் இல்லாதப்போ இருந்ததுல அஞ்சுல ஒரு பங்கு கிட்ட போய் நிக்கணும். ஜீரோவுக்குப் போச்சுன்னா கோஹிரன்ஸோட சேர்த்து உபநிலைகளோட நிரம்பலையும் நீங்க அழிச்சிருக்கீங்க, அந்த லூப்பைத் தேடுங்க.